ஆஞ்சியோல பிளாக்கே இல்ல, ஆனா ஹார்ட் வீக்குங்கிறாங்க, எப்படி?

ஈசூன்வாசி:
எங்க மாமியாருக்கு 67 வயசு. மாமா தவறி பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி நெஞ்சு இறுக்குதுன்னு வேர்த்து ஊத்தி உக்காந்துட்டாங்க, இங்க சிங்கப்பூர்ல 995ல ஆம்புலன்ஸ் கூப்பிட்டு ஏ அண்ட் இ, அதான் அவசரப் பிரிவுக்குப் போனோம். ஈசிஜி சரியில்ல, ரத்தத்துல ட்ரோபோனின் ஏறியிருக்கு, ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்குன்னு உடனே ஆஞ்சியோ. பாத்தா குழாய் எல்லாம் கிளீன்! அப்புறம் எக்கோ எடுத்துட்டு டக்கோட்சுபோ, அதாவது அதிர்ச்சியில இதயத் தசை திடீர்னு தளர்ந்துபோறதுன்னு சொல்லி மாத்திரை குடுத்து, சில வாரம் கழிச்சு திரும்ப எக்கோவுக்கு வரச் சொல்லிட்டாங்க. மச்சான் என்னடான்னா பிளாக் இல்லைன்னா ஒண்ணுமில்ல, அப்பா போன கவலை, மெடிசேவ்ல இருக்குற மருத்துவச் சேமிப்பு கரையுறதுதான் மிச்சம்ங்கிறான். பிளாக் இல்லாம ட்ரோபோனின் எப்படிங்க ஏறும்?

எக்கோரூம்அக்கா:
நான் எக்கோ எடுக்குற வேலைதான் பாக்குறேன். பிளாக் இல்லங்கிறது குழாயைப் பத்தின பதில், தசையைப் பத்தி இல்ல. ட்ரோபோனின் இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கசியுற புரதம், எதனால அடிபட்டுச்சுன்னு அது சொல்லாது. அதிர்ச்சியில அட்ரினலின் மாதிரி ஹார்மோன் எகிறி தசையை மரத்துப்போக வைக்குதுன்னுதான் பெரும்பாலும் நினைக்கிறாங்க. ஸ்கிரீன்ல பாத்தா இடது கீழறையோட நுனி அசையாம பலூன் மாதிரி உப்பி நிக்கும், வால்வு பக்கம் மட்டும் வேகமா சுருங்கும். ஒரு குழாய் அடைச்சா அது ரத்தம் குடுக்குற இடம்தான் படுக்கும், இதுல அந்த எல்லையத் தாண்டி சுத்திவர படுத்திருக்கும். அவ்ளோ தசை படுத்தும் ட்ரோபோனின் கொஞ்சமாத்தான் ஏறியிருக்கும், கணக்கு உதைக்கும். அங்கதான் எங்களுக்கு சந்தேகமே வரும்.

தேக்காதம்பி:
இது வர்றதுல பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் மாதவிடாய் நின்னவங்கதான் ஜாஸ்தின்னு படிச்சேன். வயசும் துக்கமும் பொருந்துதே, பாவம் அந்தம்மாவ ஆஞ்சியோ வரைக்கும் இழுக்கணுமா லா?

எக்கோரூம்அக்கா:
ஐயோ தம்பி, கண்டிப்பா இழுக்கணும். துக்கத்துல நிஜ அட்டாக்கும் வரும், ரெண்டுக்கும் ஈசிஜில எஸ்டிங்கிற கோட்டுப் பகுதி ஒரே மாதிரி ஏறலாம், வலியும் அதே வலி. டக்கோட்சுபோவா இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு கணிக்க இன்டர்டாக்னு ஒரு ஸ்கோர் இருக்கு, பெண்ணா இருந்தா 25, மன அதிர்ச்சி இருந்தா 24னு மார்க் போடுவாங்க, ஆனா எஸ்டி ஏறியிருந்தா ஸ்கோர் பாத்துட்டு உக்கார முடியாது, குழாயத்தான் முதல்ல பாக்கணும். சிலருக்கு பிளாக்கும் இருக்கும், இதுவும் இருக்கும். இதயத் தசை அழற்சியா (மயோகார்டைட்டிஸ்) இருக்குமோன்னு டவுட் வந்தா எம்ஆர்ஐ எடுப்பாங்க, டக்கோட்சுபோன்னா நீர் கோத்தது தெரியும், தழும்பு பொதுவா தெரியாது.

ஈசூன்வாசி:
நன்றிக்கா. அப்ப ரெண்டாவது எக்கோ எதுக்கு?

எக்கோரூம்அக்கா:
அதுலதான் முடிவே இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல தசை பழையபடி அசையும், அசைஞ்சாத்தான் இது டக்கோட்சுபோன்னு உறுதியா சொல்லலாம். அசையலன்னா டாக்டர் வேற காரணம் தேடணும். அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, படுத்த நுனியில ரத்தம் உறையலாம், துடிப்பு தப்பலாம், சிலருக்கு நுரையீரல்ல நீர் கூட கோக்கும். மூச்சு வாங்கினா, மயக்கம் வந்தா, திரும்ப வலிச்சா பாலிகிளினிக் கியூல நிக்காதீங்க, நேரா 995. காசு விஷயம் பில்லிங் கவுன்டர்ல கேளுங்க, மச்சானையும் அன்னிக்கு கூட்டிட்டுப் போங்க, ரெண்டு எக்கோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டச் சொல்லுங்க.