ஃபிராங்கன்ஸ்டைன் கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுப்பது?

கடைசிபெஞ்ச்:
வணக்கம். பி.ஏ. ஆங்கிலம், கடைசி வருடம். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் பற்றி 2000 வார்த்தையில் கட்டுரை, வெள்ளிக்கிழமைக்குள் தலைப்பு சொல்லியாக வேண்டும். ‘அறிவியலின் ஆபத்து’ என்று கொடுத்தேன், வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் கொடுத்திருக்கிறார்களாம், மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். ‘உண்மையான அரக்கன் யார்?’ என்றேன், சிரித்தார், அவ்வளவுதான். நாவலை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன், சத்தியமாக. என்ன எடுக்கலாம்?

நூலகத்தூசி:
கையில் இருப்பது 1818 பதிப்பா, 1831 பதிப்பா? பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்கும் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனுக்கு, அவன் மணக்கும் எலிசபெத் முதல் பதிப்பில் அத்தை மகள். 1831இல் மேரி ஷெல்லி அதை மாற்றி, இத்தாலியில் கண்டெடுத்து வளர்த்த அநாதைப் பெண் ஆக்கிவிட்டார். (நமக்கு அத்தை மகளைக் கட்டுவதில் என்ன சிக்கல் என்றே புரியாது, அது வேறு விஷயம்.) எல்லாம் விதி என்று விக்டர் புலம்புவதும் இரண்டாவதில்தான் கூடுதல். இரண்டையும் ஒப்பிட்டாலே ஒரு கட்டுரை தேறும்.

மழைக்காகிதம்:
தம்போரா எரிமலை எடுங்க! 1815இல் வெடித்தது, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே இல்லை, ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து பேய்க்கதைப் போட்டி வைத்ததில் பிறந்த நாவல் இது. செம கதை.

சாய்வுநாற்காலி:
செம கதைதான், ஆனால் அது நாவல் எழுதப்பட்ட கதை, நாவலைப் பற்றிய கட்டுரை ஆகாது. முன்னுரையில் ஒரு பத்தி போதும்.

தம்பி, தலைப்பைத் தேடுவதை விட்டுவிட்டு ஒன்று சொல்லுங்கள்: படிக்கும்போது எந்த இடத்தில் கடுப்பானீர்கள்?

கடைசிபெஞ்ச்:
விக்டரின் தம்பியைக் கொன்றதாக அவன் வீட்டு வேலைக்காரி ஜஸ்டினைத் தூக்கில் போடும் இடம் சார். கொலை செய்தது தான் உருவாக்கிய உயிர்தான் என்று விக்டருக்குத் தெரியும், சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். அவளோ பாதிரியார் மிரட்டியதில் செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொள்கிறாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சாய்வுநாற்காலி:
அப்புறம் என்ன, தலைப்பு கிடைத்துவிட்டதே. யார் சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஜஸ்டின் உண்மையைச் சொன்னபோது நீதிமன்றம் நம்பவில்லை, பொய்யை ஒப்புக்கொண்டதும் நம்பிவிட்டது. அந்தப் பெயரில்லாத உயிரின் பேச்சைப் பரிவோடு கேட்டவர், அது ஒளிந்து வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டு டி லாசி கிழவர் ஒருவர்தான், அவருக்குக் கண் தெரியாது, பார்வையுள்ள மகன் உள்ளே வந்ததும் அடிதான் விழுகிறது. எலிசபெத் செத்த பிறகு விக்டரே நீதிபதியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டுகிறான், அவர் ஜுரத்தில் உளறுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது, வடதுருவக் கடலில் விக்டரைக் காப்பாற்றிய கப்பல் தலைவன் வால்டன், அக்காவுக்கு எழுதும் கடிதத்தில். அவன் எடுத்த குறிப்புகளை விக்டர் வாங்கிப் பார்த்து, பல இடங்களில் திருத்திச் சேர்த்துக் கொடுக்கிறான், அதிலும் தன் எதிரியோடு பேசிய பேச்சுகளில்தான் அதிகம் கை வைக்கிறான். அப்படியானால் அந்த உயிர் பேசியதாக நாம் படித்ததில் எவ்வளவு அதன் பேச்சு? விக்டரின் கை படாமல் அது பேசுவது கடைசியில் கப்பலில், அவன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று. அந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நூலகத்தூசி:
டி லாசி மகனின் காதலி சாஃபியின் கடிதங்களை விட்டுவிட்டீர்களே! தன் கதைக்குச் சாட்சியாக அந்த உயிர் பிரதி எடுத்து விக்டரிடம் கொடுப்பது. விக்டர் சத்தியம் செய்து சொன்னதைவிட, அந்தக் கடிதங்களும் கப்பலிலிருந்து அந்த உருவத்தைப் பார்த்ததும்தான் தன்னை நம்ப வைத்தன என்கிறான் வால்டன். பேச்சு போதவில்லை, காகிதம் வேண்டியிருக்கிறது.

கடைசிபெஞ்ச்:
ஐயோ, அந்தக் கடிதப் பகுதியைத்தான் வேகமாகப் புரட்டிவிட்டேன். மறுபடி படிக்கிறேன். ‘ஃபிராங்கன்ஸ்டைனில் சாட்சியும் நம்பிக்கையும்’ என்று மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். எரிமலைக்கும் ஒரு வரி உண்டு.