சொல்லின் கடைசி எழுத்தில் தடுமாறும் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

குட்டிப்பேனா:
மகளுக்கு 7 வயது. எழுத்தெல்லாம் தெரியும், கதைப் புத்தகத்தைச் சரளமாக வாசிக்கிறாள். எழுதச் சொன்னால்தான் வம்பு, அதுவும் சொல்லின் கடைசியில். 'யானை' எழுதச் சொன்னால் 'யான', 'அவள்' என்றால் 'அவ', 'மரம்' சில நேரம் வெறும் 'மர'. மெய்யெழுத்து போட்டாலும் ல், ள், ழ் மூன்றில் எது கைக்கு வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறாள். நேற்று எழுதிய வாக்கியம் இது: 'அவள் வந்தால் பந்த எடுத்தால்'. திருத்தித் திரும்பத் திரும்ப எழுதவைத்தால் அன்றைக்குச் சரியாக இருக்கிறது, மறுநாள் பழையபடி. இலக்கணப் பெயர்களைச் சொல்லி மிரட்டாமல், இந்த வயதுக்குப் பிடிபடுகிற மாதிரி ஏதாவது விதி இருக்கிறதா?

கரும்பலகை:
சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன், இது எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான். பேச்சில் 'யானை' என்பதில் ஐ முழுசாக வருவதில்லை, 'அவள்' என்பதில் ள் காதில் விழுவதே இல்லை, 'மரம்' என்பதில் ம் மூக்கோடு போய்விடுகிறது. அவள் கேட்டதைத்தான் எழுதுகிறாள், ஆகவே அந்தக் கடைசி எழுத்தை முதலில் காதில் விழவைக்க வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது 'உம்'. எழுதுவதற்கு முன் சொல்லோடு 'உம்' சேர்த்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: மரமும், அவனும், அவளும், யானையும். விழுங்கிய ம், ன், ள் எல்லாம் வெளியே வந்துவிடும். 'யானையும்' என்பதில் ஒரு 'யு' வந்தது பாருங்கள், அது வந்தால் கடைசியில் ஐ போடவேண்டும். (கிளியும், நரியும் என்று இகரத்துக்கும் 'யு' வரும்தான், ஆனால் 'கிளி'யில் இருக்கும் இ-யை யாரும் விழுங்குவதில்லை என்பதால் குழந்தைகள் அதில் குழம்பி நான் பார்த்ததில்லை.)

இன்னொன்று, பொருளின் பெயர் 'அ' மாதிரி ஒலித்து முடிந்தால் அநேகமாக அது ஐதான்: மலை, இலை, மழை, குழந்தை. எப்படிப்பட்டது என்று சொல்கிற சொல்லாக இருந்தால் அ: பெரிய, நல்ல, சின்ன. இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்க வேண்டாம், 'நல்லை மழை' என்று எழுதிக்கொண்டு வருவாள்.

'பந்த எடுத்தாள்' என்பதற்கு விதியே தேவையில்லை. 'எதை எடுத்தாள்?' என்று கேளுங்கள். கேள்வியிலேயே ஐ இருக்கிறது: எதை, பந்தை. யாரை, தம்பியை.

ஒற்றெழுத்து:
'உம்' நல்ல வழிதான், ஆனால் வீட்டில் ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரித்தால் 'வாலும்', 'வாளும்' என்று எத்தனை தரம் சொன்னாலும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அங்கே அர்த்தத்தைப் பிடிக்க வேண்டும்.

அவள் செய்த காரியம் என்றால் ள்: அவள் வந்தாள், எடுத்தாள், சிரித்தாள். 'அவள்' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் அதே ள்தான் வினையிலும் வருகிறது என்று கோடு போட்டு இணைத்துக் காட்டுங்கள். 'இப்படி நடந்தால்' என்ற அர்த்தம் என்றால் ல்: மழை வந்தால் நனைவோம். எதனால் என்றால் ல்: கத்தியால், கையால். எங்கே என்றால் ல்: வீட்டில், மரத்தில். செயலின் பெயருக்கும் ல்: பாடல், ஆடல், ஓடுதல். பலவற்றைக் குறிக்கும் 'கள்' எப்போதும் ள்.

ழ்-இல் முடிகிற விகுதியே கிடையாது என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. தனிச் சொற்களில் மட்டும்தான் அது கடைசியில் வரும், அவற்றிலும் இந்த வயதுக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: தமிழ், இதழ், புகழ், கீழ், கூழ், யாழ், வாழ், தாழ். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முற்றுப்புள்ளி:
ஒரு குறுக்குவழி. தமிழ்ச் சொல் எதுவும் ற்-இல் முடியாது. 'அவற்', 'ஊற்' என்று எழுதினால் யோசிக்காமல் ர் ஆக்கிவிடலாம். க், ச், ட், த், ப்-க்கும் இதே கதைதான். சொல்லின் கடைசியில் வரக்கூடிய எழுத்துகள் 24 என்று நன்னூல் கணக்கே கொடுத்திருக்கிறது, அதில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. 'பந்தைப் பிடி' என்பதில் இருக்கும் ப் அடுத்த சொல்லால் வந்தது. அந்தச் சந்தியை 7 வயதில் தொடவே வேண்டாம் என்பேன்.

குட்டிப்பேனா:
எல்லாருக்கும் நன்றி. 'உம்' அவளுக்கு விளையாட்டாகிவிட்டது, சாப்பிடும்போதுகூட எல்லாவற்றுக்கும் உம் போடுகிறாள். அப்புறம் இன்னொரு சிக்கல்: 'கண்று', 'வன்டு' என்று எழுதுகிறாள். 'காற்று' எப்போதும் 'காத்து'தான்.

கரும்பலகை:
முதல் இரண்டுக்கும் ஜோடி எழுத்து: ங்கு, ஞ்சு, ண்டு, ந்து, ம்பு, ன்று. சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. டு-வுக்கு முன் ண், று-வுக்கு முன் ன், ஜோடி மாறாது. படம் வரைந்து பக்கத்தில் எழுதச் சொன்னால் சீக்கிரம் பதியும்.

'காத்து'க்கு அப்படி விதி இல்லை, ஏனென்றால் பத்து, முத்து எல்லாம் எழுத்திலும் த்து-தான். காற்று, நேற்று, சேற்று, ஆற்று என்று ற்று வருகிற சொற்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து வாசிக்கவைத்துக் கண்ணுக்குப் பழக்க வேண்டியதுதான்.

ஒற்றெழுத்து:
அடுத்து பன்மையில் மாட்டுவாள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ம் இருந்தால் ங்: மரங்கள், படங்கள். ஒரே குறில் எழுத்துக்குப் பின் ல், ள் வந்தால் மாறும்: கல் கற்கள், பல் பற்கள், முள் முட்கள். மற்றபடி மாறாது: கால்கள், தேள்கள், விரல்கள். பசுக்கள், தெருக்கள் என்று குறில் இரண்டு மட்டும் உள்ள, உ-வில் முடிகிற சொல்லில் க் வரும், வீடுகள், காடுகளில் வராது. இந்தக் கணக்கில் 'நாள்கள்'தான் முறை, ஆனால் 'நாட்கள்' என்று எங்கும் அச்சில் பார்க்கிறோம், அவள் எதை எழுதினாலும் விட்டுவிடுங்கள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று மட்டும் இங்கே யாரும் ஆரம்பிக்காதீர்கள். நான் க் போடாத கட்சி.

முற்றுப்புள்ளி:
நான் போடுகிற கட்சி. தனி இழை திறக்கிறேன், வாருங்கள்.