டைமிங் பெல்ட் மாற்றியதும் கம்ப்ரஷன் விழுந்துவிட்டது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன்லான்சர்:
பத்து வருஷம் முடிந்து சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்று) புதுப்பித்த லான்சர் 1.6 பெட்ரோல் கார். புதுப்பித்த கையோடு டைமிங் பெல்ட் (பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பட்டை), அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிடலாம் என்று ஒரு கடையில் விட்டேன். கடை பெயர் வேண்டாம். சாயங்காலம் போன் வந்தது. வண்டி சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆகிறது, நடுங்குகிறது, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) போதவில்லை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் பண்ண வேண்டுமாம்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனதே நான்தான். புக்கிட் தீமா விரைவுச்சாலை மேட்டில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இழுத்த வண்டி. ஆயில் குடித்ததில்லை, புகை விட்டதில்லை. காலையில் நன்றாக இருந்த நாலு ரிங் செட்டும் மத்தியானத்துக்குள் சொல்லிவைத்தாற்போல் தேய்ந்துபோகுமா? கேட்டேன். "பழைய வண்டி போஸ், அப்படித்தான்" என்றார். அழுத்தம் அளக்கும் கேஜில் 115, 118, 115, 112 பிஎஸ்ஐ. ரிங் தேய்ந்த எஞ்சினில் நாலும் இப்படி ஒட்டி நிற்க வேண்டும் என்றில்லை. ஒன்று 140 காட்டலாம், இன்னொன்று 90 காட்டலாம்.

இழுவை வண்டி பிடித்து பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதியை, தொடவே இல்லை. மேல் கவரைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ராட்செட் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றினார். கீழே புல்லியின் கீறல் கோட்டுக்கு நேராக வந்து நின்றது. மேலே கேம் சக்கரத்தின் மார்க் நேராக இல்லை. டார்ச் அடித்து, "குனிந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். மார்க்குக்கும் ஹெட்டில் இருக்கும் குறிக்கும் நடுவே இரண்டு பல் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. கேம் இரண்டு பல் பின்தங்கி நிற்கிறது. பெல்ட்டைத் திருத்திப் போட்டு அளந்தார்: 178, 180, 176, 180. அந்த இடைவெளியைப் பார்க்காமல் எப்படி ஓவர்ஹால் என்று வாய்க்கு வந்தது?

வெள்ளைவேன்:
உங்களுக்கு வால்வு தப்பித்ததே பெரிசு. எனக்கு டீசல் வேன். வாங்கும்போதே பழையது, பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தீவு விரைவுச்சாலையில் அறுந்தது. டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கு இடமே கிடையாது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது, திறந்து நிற்கிற வால்வைப் பிஸ்டன் அடிக்கும். இது தெரிந்த கடை ஸ்டார்ட்டரைத் தொடுமுன் வால்வு வளைந்திருக்கிறதா என்று பார்த்திருக்கும். நான் விட்ட கடையில் புது பெல்ட்டைப் போட்டு ஸ்டார்ட்டரைத் திருகு திருகு என்று திருகினார்கள். 2, 3 சிலிண்டர் இரண்டிலும் கேஜ் முள் அசையவே இல்லை.

பிறகு வந்த மெக்கானிக், 2ஆம் சிலிண்டர் பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, குளோ பிளக் (டீசல் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) துளை வழியே காற்றடித்தார். என்னை வண்டிக்குப் பின்னால் போய் புகைக்குழாய் வாயில் டிஷ்யூவைப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் ஓடவில்லை, டிஷ்யூ படபடவென்று அடித்தது. எக்ஸாஸ்ட் வால்வு வளைந்துவிட்டது, அடித்த காற்று அந்த வழியாக ஓடுகிறது. வேலைக்கு வேன் இல்லாத அந்த நாட்களில் அந்த டிஷ்யூதான் கண்ணிலேயே நின்றது.

பழையஸ்பானர்:
உபி பட்டறை வட்டாரத்தில் ரொம்ப காலம் வேலை பார்த்தவன் நான். ஒரு முறை வந்த வண்டிக்கு நாலிலும் 100தான் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அளந்தபோது 170. வித்தியாசம் என்ன தெரியுமா, அவர்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் அளந்திருக்கிறார்கள். காற்று நுழையும் வாசலான திராட்டில் மூடியிருந்தால் எஞ்சினுக்குள் காற்று எங்கிருந்து வரும்?

அதனால் தம்பிகளா, கம்ப்ரஷன் குறைவு என்று யார் சொன்னாலும் எப்படி அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், அளக்கிற சிலிண்டரின் பிளக் மட்டும் போதாது. பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்திருக்க வேண்டும். திராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பெல்ட் வேலைக்காகக் கிடந்த வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும் அளவு குறையும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே மாதிரி ஐந்தாறு ஸ்ட்ரோக் வரும்வரை ஸ்டார்ட்டரை அடிக்க வேண்டும். இருப்பதில் குறைந்தது, கூடியதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால்தான் அந்த சிலிண்டரைச் சந்தேகப்படுவது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் விழுந்திருந்தால் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள். வேன் தம்பி, டீசலுக்கு வேறு கேஜ். நல்ல டீசல் எஞ்சின் 400 பக்கம் போகும், பெட்ரோல் கேஜை அதில் மாட்டக் கூடாது.

அப்புறம் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை பிளக் துளையில் விட்டு மறுபடி அளங்கள். முள் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கெட் அல்லது டைமிங். இதற்கு மேல் வாதமே கிடையாது.

பாத்தோக்காரி:
ஸ்பானர் அண்ணே, மற்றதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், கடைசியில் சொன்னதை மட்டும் என்னால் விட முடியாது. எங்கள் அப்பாவின் கார் அந்தக் கரண்டி ஆயிலால்தான் மாட்டிக்கொண்டது.

பெல்ட் மாற்றியதும் வண்டி பிடிக்கவில்லை. கடைக்காரர் பேட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரை அடித்தார். பிறகு கேஜ் போட்டால் நாலிலும் 90 சொச்சம். ஆயில் விட்டார், 150 தாண்டியது. "பார்த்தீர்களா அங்கிள், ரிங்" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே கேஜை நீட்டினார். நான் பக்கத்தில் நின்று பிளக்கை எடுத்து முகர்ந்தேன். நுனி ஈரம், பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிவிட்டது. அப்படிக் கழுவினால் நல்ல ரிங்கும் காற்றை விடும், ஆயில் விட்டதும் முள் ஏறத்தான் செய்யும். அதை வைத்து ரிங் போச்சு என்று முடிவு கட்டலாமா?

பெட்ரோலைத் துண்டித்து, பிளக் இல்லாமல் சுற்றவிட்டுக் காயவைத்து, மார்க்கைச் சரிபார்த்தபோது ஒரு பல் தள்ளியிருந்தது. அப்பா அதற்குள் வண்டியைக் கழித்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்திருந்தார். சிஓஇ காலம் மிச்சம் இருக்கிற வண்டி.

பாக்ஸர்4:
கடலைத் தாண்டி ஜோகூரில் பெல்ட் மாற்றினேன், வண்டி சுபாரு இம்பிரெசா. அங்கே செய்யாதே என்று யாரும் தொடங்க வேண்டாம், நல்ல கைகள் அங்கேயும் உண்டு, எனக்கு வாய்த்தது சரியில்லை. முக்கால் டாங்க் பெட்ரோலோடு போய், திரும்பும்போது உட்லண்ட்ஸ் பாலத்தில் நகராத வரிசையில் நிற்கிறேன். ஐடிலில் வண்டி உதறுகிறது. கண்ணாடியில் தொங்கிய மாலை விடாமல் ஆடிக்கொண்டே இருந்தது. முன்னாலும் பின்னாலும் லாரி, ஒதுங்க இடமில்லை, எஞ்சினை அணைத்தால் மறுபடி பிடிக்குமா என்ற பயம். அந்தப் பாலம் அவ்வளவு நீளமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இங்கே வந்து அளந்தால் 1, 3 நன்றாக இருக்கிறது, 2, 4 குறைவு. இந்த எஞ்சினில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்துக் கேம்தான். இதில் கிராங்க் சக்கரத்தில் அம்பு ஒன்று, சின்னக் கோடு ஒன்று இருக்கும். பெல்ட் போடக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். அம்பைப் பார்த்துப் போட்டால் வால்வுக்கே ஆபத்து. எனக்கு ஜோகூர் மெக்கானிக் கோட்டைச் சரியாகப் பிடித்து, இடது கேமில் ஒரு பல்லை விட்டுவிட்டார்.

பாத்தோக்காரி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளே வந்த காற்று வந்த வழியே வெளியே போகும், கம்ப்ரஷன் விழும். கேம் முந்தினால் ஸ்டார்ட்டர் வேகத்தில் அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டலாம். கேஜில் நல்ல எண் வந்ததால் டைமிங் சரி என்று நம்பிவிடக் கூடாது. மார்க்கைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பழையஸ்பானர்:
பெட்ரோல் கழுவியது பற்றித் தங்கச்சி சொன்னது சரிதான், பிளக் ஈரமாக இருந்தால் காயவைத்துவிட்டு அளக்க வேண்டும். ஆனால் ஆயில் சோதனையையே தள்ளிவிடாதீர்கள். பெட்ரோல் கழுவாத சிலிண்டரில் அது நல்ல துப்பு தரும்.

ஈசூன்லான்சர்:
இரண்டு பல் எப்படி நழுவியது என்று சின் மிங் மெக்கானிக்கிடம் கேட்டேன். பெல்ட் போடும்போது தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வந்துவிட வேண்டும், மறுபக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வை மறுபக்கத்தில் விட்டுவிட்டு டென்ஷனரைத் தளர்த்தினால், அது இழுக்கும் இழுப்பில் மார்க் நகர்ந்துவிடும். அதனால்தான் கவரை மூடுமுன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவது. கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒன்று, எல்லா மார்க்கும் திரும்ப நேருக்கு வர வேண்டும். நடுவில் கட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அது வால்வில் பிஸ்டன் படுவது. முதல் கடையில் இந்த இரண்டு சுற்றைச் செய்யவே இல்லை. பெல்ட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இழுவை வண்டிக் காசையும் சேர்த்து. இன்னும் பதில் இல்லை.

வெள்ளைவேன், ஹெட்டைக் கழற்றியபோது வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் கைடுகளையும் பார்த்தார்களா? வால்வு வளைந்த சிலிண்டரில் கைடும் வெடித்திருக்கலாம் என்கிறார் சின் மிங் மெக்கானிக்.