புதுப்பிப்பு: வட்டமடித்த திலாப்பியா

மலேசியாவின் பேராக்கில், பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையில் வளர்க்கும் எங்கள் சிவப்புத் திலாப்பியா மீன் கண் பிதுங்கி, வட்டமடித்துச் சாகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். தண்ணீர்க் கோளாறு என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். தப்பு. சாகக் கிடந்த மீனின் மூளையில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வளர்ந்து வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியா.

"மனுஷனுக்கு ஒட்டுமா?" என்று கேட்டவரிடம் ஒட்டாது என்றேன். அதையும் திரும்பப் பெறுகிறேன். 2015இல் சிங்கப்பூரில் கஞ்சியோடு பச்சை மீன் துண்டு சாப்பிட்டவர்கள் பலருக்கு ரத்தத்தில் தொற்று, சிலருக்கு மூளைக்காய்ச்சல். நோயாளிகளிடமும் மீனிலும் எடுத்த கிருமிகளின் மரபணுத் தொகுதியை வாசித்தால், இரண்டும் எஸ்டி 283 என்ற ஒரே வகை. இந்த எண் ஏழு மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டுத் தருவது, ஊர்ப் பெயர் மாதிரி. வீட்டு எண் வேண்டுமென்றால் முழு வாசிப்புதான். மலேசியத் திலாப்பியாவிலும் இதே வகை கிடைத்திருக்கிறது.

நம் குட்டைக் கிருமியின் எண் இன்னும் வரவில்லை. அதுவரை தீனியைக் குறைத்து, செத்ததை இரண்டு வேளையும் கையுறையோடு அள்ளிப் புதைக்கிறோம். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா மட்டும் மீன்குழம்புச் சட்டிப் பக்கமே வருவதில்லை.