காவல் படகில் உட்கார ஆள் வரமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

பாய்மரப் பாய் (அதிராம்பட்டினம்):

கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 11 வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ஜல்லி தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி ஒரு ஏரி. அதில் ஒரு பாய்ப்படகு கிளப். சம்பளத்துக்கு ஆளே கிடையாது. கேட்டைத் திறப்பது, புல் வெட்டுவது, போட்டி நடத்துவது எல்லாம் உறுப்பினர்களே. வருஷத்தில் மூன்று ஞாயிறு நம் முறை வரும். அன்று நம் படகு கரையில்தான். காவல் படகு என்கிற மோட்டார் படகில் உட்கார்ந்து, கவிழ்ந்தவர்களைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுப்படி. என் முதல் அடுப்படி முறையில் எல்லோரும் பன்றிக்கறி ரொட்டி கேட்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு முட்டை ரொட்டி மட்டும்தான் வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். பத்தரை மணிக்கு முட்டை தீர்ந்துபோனது தனிக் கதை.

இங்கே வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஒருவர் ஓட்டுகிற சின்னப் பாய்ப்படகுகள் ஐந்து வாங்கினேன்: பழைய லேசர் இரண்டு, சின்னப் பிள்ளைகளுக்கான ஆப்டிமிஸ்ட் மூன்று. சென்னைக்குத் தேங்காய் ஏற்றிப்போன லாரி திரும்பும்போது கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுத்துக் கொட்டகை போட்டோம். 'பாய் கட்டுகிற பாய்' என்று ஊரில் பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் போட்டி. முதல் கொடி என் தங்கச்சியின் பழைய மஞ்சள் துப்பட்டா. நீலத்தில் வெள்ளைச் சதுரம் வைத்த இரண்டாவது கொடியைத் தெரு டெய்லர் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும்போது மஞ்சள் ஏறும், நான்கில் நீலம் ஏறும், ஒரு நிமிஷத்தில் நீலம் இறங்கும், மஞ்சளும் இறங்கினால் புறப்பாடு. கரையில் நண்டு வலை பிரிக்கிறவர்கள்கூட இப்போது "டேய், நாலு நிமிஷம்!" என்று கத்துகிறார்கள்.

பிரச்சினை காவல் படகு. பழைய ஃபைபர் வள்ளம், பின்னால் மோட்டார். பாய் பிடிக்க ஐந்து பேரும் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். காவல் படகு முறை என்றால் ஒருவனுக்கு டியூஷன், இன்னொருவனுக்குச் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். ஒரே சித்தப்பாவுக்கு இரண்டு மாதத்தில் இரண்டு கல்யாணம்.

போன ஞாயிறு ஒரு ஆப்டிமிஸ்ட் கவிழ்ந்து, அதன் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொண்டது. நம் கடல்தான் தெரியுமே, இடுப்பளவுத் தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு. பையன் மிதவைச் சட்டை போட்டிருந்தான், அழவில்லை, தண்ணீர் இறைக்கிற டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றான். நான் கொடியைப் போட்டுவிட்டு ஓடி மோட்டாரை இழுத்தேன். மூன்று இழுப்புக்கும் பேசவில்லை, பிளக்கைத் துடைத்துப் போட்டபிறகுதான் கிளம்பியது. போய்ச் சேர 20 நிமிஷம். நேரம் எழுதிய நோட்டு தண்ணீரில் போயிற்று. முதலில் வந்தவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

முறைக்கு வராவிட்டால் 100 ரூபாய் அபராதம் என்று போட்டுப் பார்த்தேன். ஒருவன் 100 ரூபாயை என் கையில் வைத்துவிட்டு லேசரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். வேறு வழி இருக்கிறதா?

கடைமடைக்காரன் (பேராவூரணி பக்கம்):

அபராதம் வேலைக்கு ஆகாது பாய். காசு கட்டினால் கணக்குத் தீர்ந்தது என்று ஆகிவிடும். நீங்கள் விதித்தது அபராதம் இல்லை, கட்டணம்.

எங்கள் ஏரிக்குக் கல்லணைக் கால்வாயிலிருந்து தண்ணீர் வரும். மடை திறந்து அடைக்க நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். நடுராத்திரியிலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். மாதச் சம்பளம் கிடையாது. அறுவடையானதும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவோம். தூசி தட்டாத நெல்லைக் கொடுத்தால் போதும், அடுத்த முறை நம் வயலுக்குத் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்!

உங்கள் களத்தில் காவல் படகு ஆளுக்கு என்ன அளக்கிறீர்கள்?

வத்தைக்காரர் மகன் (மல்லிப்பட்டினம்):

காக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போட்டியில் இறங்க முடியாதவனை அந்தப் படகில் உட்காரவைத்தால் அது தண்டனை மாதிரிதான் இருக்கும். அங்கே உட்கார வேண்டியவர் கடல் தெரிந்தவர். ஆளுக்குப் பக்கத்தில் போனதும் மோட்டாரை அணைக்கணும். முதலில் ஆளைத் தூக்கணும், படகு அப்புறம். டியூஷனுக்குப் போகிற பையனுக்கு இது எப்படித் தெரியும்? வாடைக்காற்று பிடித்துவிட்டால் கவிழ்ந்த படகு நிற்காது, தெற்கே இழுத்துக்கொண்டு போய்விடும்.

தொண்டிப் பக்கம் பாய்மரப் போட்டி பார்த்திருப்பீர்கள். மணல் மூட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போட்டே படகை நிமிர்த்துவார்கள். எங்கள் வாப்பா அப்படி ஓட்டியவர்தான். கடலுக்குப் போவதை நிறுத்தியபிறகு ஞாயிறு முழுக்க டிவி. பெட்ரோல் உங்களுடையது, ஒரு டீ, போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவர் உங்கள் கொடியைப் பார்க்க மாட்டார், வானத்தைப் பார்ப்பார். "கரைக்குப் போங்கடா" என்றால் அன்றைய போட்டி அவ்வளவுதான். சம்மதம் என்றால் கேட்டுச் சொல்கிறேன்.

கணக்கு டீச்சர் (பட்டுக்கோட்டை):

என் மகள் உங்கள் மூன்றாவது ஆப்டிமிஸ்டில் வருகிறவள். முதல் வாரமே காவல் படகு முறை செய்தவள். அவளுக்கு என்ன அளந்தீர்கள் தெரியுமா? ஆறு புள்ளி.

முதல் இடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2, குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும், வராதவருக்கு ஐந்து படகோடு ஒன்று கூட்டி 6. இதுதானே உங்கள் கணக்கு? மற்ற ஐந்து போட்டிகளில் அவள் எடுத்தது 2, 1, 3, 2, 2. ஆக 10. முறை செய்த நாளின் 6 சேர்ந்து 16. வீட்டில் தூங்கியிருந்தாலும் இதே 16தான். முறைக்கு வருகிறவனைத் தோற்கடிக்கிற பட்டியலை ஒட்டிவைத்துக்கொண்டு, ஆள் வரவில்லை என்கிறீர்களே சார்.

வேகமான படகும் மெதுவான படகும் சமமாகப் போட்டியிட வேண்டும் என்று, லேசர் எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி 1100-ஆல் வகுக்கிறீர்கள், ஆப்டிமிஸ்டுக்கு 1640-ஆல். 55 நிமிஷம் எடுத்த லேசரும் 82 நிமிஷம் எடுத்த ஆப்டிமிஸ்டும் சரியாக 50-இல் வந்து நிற்கின்றன. படகுக்கு இத்தனை நியாயம் பார்க்கிறவர் ஆளுக்கும் பார்க்கலாம். முறை நாளுக்கு, அவர் ஓடிய மற்ற போட்டிகளின் சராசரியைக் கொடுங்கள். என் மகளுக்கு அது 2, மொத்தம் 12.

பாய்மரப் பாய்:

டீச்சர், வெட்கமாக இருக்கிறது. இங்கிலாந்து கிளப்பிலும் சராசரிதான் கொடுத்தார்கள். நான் எப்போதும் கடைசி ஆள், புள்ளிப் பட்டியலைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. உங்கள் மகளுக்குத் திருத்தி ஒட்டிவிட்டேன்.

தம்பி, வாப்பா இந்த ஞாயிறே வந்துவிட்டார். ஓட்ட அவர், தண்ணீரில் குதிக்க முறைக்காரர் ஒருவர் என்று வைத்திருக்கிறோம். வந்ததும் மோட்டார் கயிற்றைப் பார்த்து என்னைத் திட்டினார், மாற்றிவிட்டேன். டீயில் சர்க்கரை போதாது என்றும் சொன்னார்.

இப்போது புதுத் தலைவலி. சராசரி என்று அறிவித்ததும் முதலில் பெயர் கொடுத்தவன் அந்த 100 ரூபாய்க்காரன். வரும் ஞாயிறு காற்று பலமாக இருக்குமாம், அவன் எடை போதாமல் லேசர் நிமிர்ந்து நிற்காதாம். தோற்கப்போகிற நாளில் முறை எடுத்துச் சராசரியை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். இதற்கு என்ன செய்ய?

கணக்கு டீச்சர்:

என்னிடம் படித்த பையனாக இருப்பான். முறை நாளை அவனே தேர்ந்தெடுக்க விடாதீர்கள். தொடர் ஆரம்பிக்கும் முன்பே சீட்டுக் குலுக்கி ஒட்டிவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் மாற்று ஆளை அவனே பிடித்து வரட்டும்.

பாய்மரப் பாய்:

குலுக்கியாயிற்று டீச்சர், வாப்பாதான் சீட்டு எடுத்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் சீட்டில் வந்தது உங்கள் மகள் பெயர்.