கலைச்சொல்: கலர் ஃப்ரிஞ்சிங்குக்கு "நிறப்பிசிறு"

வணக்கம் அண்ணா,

> "ஊதா விளிம்பு"ன்னே வச்சுட்டா என்ன?

கலர் ஃப்ரிஞ்சிங், அதாவது படத்துல பொருளோட ஓரத்துல ஒட்டிட்டு வர்ற வேண்டாத நிறத்துக்கு, அந்தப் பேரு வேணாங்கண்ணா. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல பழைய சூப்பர் தகுமார் 200 எம்எம் எஃப்/4 லென்ஸை சோனி மிரர்லெஸ் பாடியில மாட்டி எடுத்துப் பாத்தேன். லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல இருந்து கீழ சேலம் டவுனை எடுத்தா, வெயில் ஏறினதும் புழுதியும் அனலும் கலங்கி, குத்தம் லென்ஸ் மேலயா காத்து மேலயான்னு பிரிக்கவே முடியாது. அதனால காபி எஸ்டேட் ஓரமா நின்னு சில்வர் ஓக் உச்சிக் கிளைங்களை வெள்ளை வானத்துக்கு எதிரா வச்சு எடுத்தேன்.

லென்ஸோட துவாரத்தை எஃப்/4ல முழுசா தொறந்தா, போகஸ் ஆன கிளைக்கு முன்னாடி நீட்டிட்டு இருக்குற குச்சியில ஊதா, பின்னாடி இருக்குறதுல பச்சை. ஒரே மரம், ஒரே ஷாட். பச்சையை எப்படிங்க ஊதா விளிம்புன்னு சொல்றது? எஃப்/8க்கு மூடினா ரெண்டும் கிட்டத்தட்ட காணோம். ஆனா மூலையில குச்சிக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை, அது எவ்வளவு மூடினாலும் போகல. அந்த ஊதாவும் பச்சையும் நிறத்துக்கு நிறம் குவியுற தூரம் மாறுறதால வர்றது, மூலையில வர்றது பிம்பத்தோட அளவே நிறத்துக்கு நிறம் மாறுறதால வர்றது, அதான் நடுவுல இல்லாம வெளிய போகப் போக கூடுது.

அடாப்டர் மேல பழி போட முடியாது. இந்தப் பழைய லென்ஸ் எம்42ங்கற திருகு மவுண்ட், அதுக்கு மவுண்ட்ல இருந்து சென்சார் 45.46 மிமீ தள்ளி இருக்கணும், சோனி இ மவுண்ட்ல 18 மிமீதான், மிச்ச தூரத்தை நிரப்புற வெறும் குழாய் அது, உள்ள கண்ணாடியே கிடையாது. புது லென்ஸ்னா மூலைச் சிக்கலை காமெராவே கணக்குப் போட்டு அழிச்சிடும். இதுல மின் தொடர்பு இல்லாததால மாட்டியிருக்குறது எந்த லென்ஸ்னே அதுக்குத் தெரியாது. தூரத்துல இருக்குறதை எடுக்குற டெலிபோட்டோ லென்ஸ்ல இந்த நிறத் தொல்லை எப்பவுமே ஜாஸ்தி, 1969லயே கேனான் 300 எம்எம் லென்ஸ்ல நிறங்களை அதிகம் பிரிக்காத ஃப்ளூரைட் படிகத்தை வச்சது இதை அடக்கத்தான்.

க்ரோமாட்டிக் அபரேஷனுக்கு "நிறப்பிறழ்ச்சி" ஏற்கெனவே இருக்கு, ஆனா அது லென்ஸோட குறை. அதனால படத்துல தெரியுற விளைவுக்குத்தான் நமக்குச் சொல் வேணும். "விளிம்பு"ம் சரிப்படாது, எட்ஜுக்கு அதைத்தான் எழுதறோம், அப்புறம் "விளிம்புல விளிம்பு"ன்னு எழுத வேண்டி வரும். நம்ம பக்கம் தறிக்காரங்க துணி வெட்டின எடத்துல நூல் நீட்டிட்டு நிக்குறதை பிசிறுன்னுதானே சொல்றாங்க, கிளை முடிஞ்ச எடத்தைத் தாண்டி நிறம் நிக்குறதும் அதே மாதிரிதான். பொதுவா நிறப்பிசிறு, வகை பிரிக்கணும்னா முதல் வகைக்கு அச்சுப்பிசிறு (லென்ஸோட அச்சு, அதாவது ஆக்சிஸ்), ரெண்டாவதுக்கு மூலைப்பிசிறு. என்ன சொல்றீங்க?

----

தம்பி,

நிறப்பிசிறு ரொம்ப நல்லா இருக்கு, நான் ஊதா விளிம்பை விட்டுட்டேன். ஆனா அச்சுப்பிசிறுன்னா போட்டோ ஆளுங்க ப்ரிண்ட் போட்டதுல வந்த கோளாறுன்னுதான் படிப்பாங்க. முன்னாடி ஒரு நிறம் பின்னாடி ஒரு நிறம்னு நீங்களே பாத்திருக்கீங்க, ஆழப்பிசிறுன்னு வைங்க. மூலையும் வேணாம், படத்தோட இடது வலது ஓரத்துலயும் வருதே, நிறம் பக்கவாட்டுல நகருறதால பக்கப்பிசிறு. படம் திருத்துற லைட்ரூம் சாஃப்ட்வேர்லயும் இது ரெண்டுக்கும் தனித்தனி வழிதான், பக்கத்துல வர்றதுக்கு ஒரே ஒரு டிக், மத்ததுக்கு ஊதாவுக்கும் பச்சைக்கும் தனி ஸ்லைடர், அதனால மெனுவைத் தமிழ்ல எழுதறவங்களுக்கும் குழப்பம் வராது.