கறுப்புக் கோட்டுக்குள் சாம்பல் துண்டு: எல்லாம் முரண் விளைவுதானா?

தூரிகை: "சுற்றியுள்ள கோலம் நிறத்தை மாற்றிக் காட்டுவதற்கு முரண் விளைவு ஒன்றே காரணம், வெளிறியதன் அருகில் இருப்பது அடர்ந்து தெரியும், அடர்ந்ததன் அருகில் இருப்பது வெளிறித் தெரியும்" என்று ஒளியியலான் தீர்ப்பெழுதிவிட்டார். 1979-இல் மைக்கேல் வைட் வெளியிட்ட கோட்டுப்படத்தை அவர் பார்த்ததே இல்லை போலும். கறுப்பு வெள்ளைக் கோடுகளில், ஒரு கறுப்புக் கோட்டின் நடுவில் சாம்பல் துண்டை வைத்தால் அதன் நீண்ட பக்கங்கள் இரண்டும் வெள்ளையையே தொடுகின்றன. ஆயினும், வெள்ளைக் கோட்டில் வைத்த அதே சாம்பலைவிட அது வெளிறித்தான் தெரிகிறது. முரண் விளைவின்படி அது அடர்ந்தல்லவா தெரிய வேண்டும்?

ஒளியியலான்: துண்டின் இரு முனைகளிலும் கறுப்பு இருப்பதை வசதியாக மறைத்துவிட்டீர்கள். முரண் அந்தக் கறுப்போடுதான் நிகழ்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயங்களை ஆராய்ந்து, பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் நிறமுரண் பற்றி 1839-இல் எழுதியதைப் படித்தவர்கள் இதில் தடுமாற மாட்டார்கள்.

தூரிகை: ஷெவ்ரலைக் காட்டி மிரட்ட வேண்டாம். நீண்ட பக்கங்கள் வெள்ளையைத் தொடுகின்றனவா, இல்லையா? ஒரே நிற வட்டங்களின் மேல் வெவ்வேறு நிறக் கோடுகளை ஓடவிட்டால், ஒவ்வொரு வட்டமும் தன்மேல் ஓடும் கோட்டின் நிறத்தை நோக்கியே சாய்கிறது; முரண் என்றால் விலகியல்லவா போக வேண்டும்?

கூர்நோக்கு: 'அருகில்' என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள், எல்லையின் நீளத்தையா, தூரத்தையா? கோடுகள் மெலிந்தால் நிறங்கள் ஒன்றையொன்று சாயலில் நெருங்குவதும், தடித்தால் முரண் மேலோங்குவதும் உண்டு. நெருங்கும் விளைவை ஜெர்மானிய இயற்பியலாளர் பெசோல்ட் 1874-இலேயே விவரித்துவிட்டார்.

ஒளியியலான்: முனைகள் கறுப்பு. அதற்கு விடை வரவில்லை. காட்சியறிவியல் ஆய்வாளர் அடெல்சன் 1995-இல் உருவாக்கிய, நிழல் விழுந்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பற்றிய விவாதத்திலும் தூரிகை இப்படித்தான் பாதியில் மறைந்தார்.

தூரிகை: மறைந்தவர் யார் என்பதை அந்த விவாதத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். நிழலுக்குள் இருக்கும் வெளிர்க் கட்டமும் வெளியே இருக்கும் அடர் கட்டமும் ஒரே சாம்பல்தான் என்பதை, இரண்டையும் வெட்டி ஒட்டி நிறுவியது நான். அதன்பின் வாய் திறக்காதவர் தாங்கள். இப்போதும் அதே கேள்விதான்: துண்டை நீளமாக வரைந்தால் வெள்ளையைத் தொடும் எல்லை கறுப்பைத் தொடும் எல்லையைவிடப் பன்மடங்காகிறது, அப்படியிருக்க, சிறுபான்மைக் கறுப்புக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு வலிமை வந்தது?

ஒளியியலான்: முனைகளின் வலிமையை நீளத்தால் அளப்பவரிடம் இதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமையில்லை. முனைகள் கறுப்பு.

தூரிகை: பக்கங்கள் வெள்ளை.